ஜிம்பாப்வே, நவம்பர் 2017: முகாபேயின் வீழ்ச்சி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜிம்பாப்வேயை 37 ஆண்டுகள் ஆண்ட ராபர்ட் முகாபே, 2017 நவம்பர் 21 அன்று பதவி விலகினார். அதற்கு ஆறு நாள்களுக்கு முன்பே இராணுவம் தலைநகர் ஹராரேயின் வீதிகளில் இறங்கி, அவரை வீட்டுக்காவலில் வைத்திருந்தது. அந்த நாள்களைப் பற்றித் தமிழ் வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது. அன்று வீழ்ந்தது ஒரு மனிதரா, ஓர் ஆட்சியமைப்பா என்ற கேள்வியே இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது என்பது என் கருத்து. அதனால் பதில்களும் மீண்டும் மீண்டும் அங்கேயே வந்து நிற்கும்.

முகாபே எப்படி ஆட்சிக்கு வந்தார்?

1924 பிப்ரவரி 21 அன்று குடாமா என்ற ஊரில் பிறந்த முகாபே, அங்கிருந்த இயேசு சபைப் பள்ளியில் படித்து ஆசிரியரானவர். அன்று ரொடீசியா என்று அழைக்கப்பட்ட அந்த நாட்டில், எண்ணிக்கையில் மிகச் சிறுபான்மையினரான வெள்ளையர்களே ஆட்சியை வைத்திருந்தார்கள். அந்த ஆட்சியை எதிர்த்ததற்காகப் பத்தாண்டுகள் சிறையில் இருந்த அவர், சிறையிலிருந்தபடியே அஞ்சல் வழியில் பட்டங்கள் பெற்றார். வெளியே வந்ததும் மொசாம்பிக்குக்குச் சென்று கெரில்லாப் போருக்குத் தலைமை தாங்கினார்.

1979-இல் லண்டன் லான்காஸ்டர் மாளிகையில் நடந்த பேச்சுவார்த்தையில் போர் முடிவுக்கு வந்தது. 1980 தேர்தலில் கறுப்பினத்தவருக்கான 80 இடங்களில் 57 இடங்களை அவருடைய கட்சி வென்றது. அந்த ஆண்டு ஏப்ரல் 18 அன்று சுதந்திர ஜிம்பாப்வேயின் முதல் பிரதமராக அவர் பொறுப்பேற்றார். பழைய எதிரிகளோடு நல்லிணக்கம் பேசியதும், பள்ளிக் கல்வியை நாடெங்கும் கொண்டு சேர்த்ததும் அவருடைய தொடக்க ஆண்டுகளின் உண்மையான சாதனைகள். பின்னால் நடந்தவற்றைக் காட்டி இவற்றை மறுப்பது நேர்மையாகாது.

37 ஆண்டுகள் அவரால் எப்படி நீடிக்க முடிந்தது?

விடுதலைப் போராட்ட நாயகன் என்ற பெருமதிப்பு ஒரு காரணம். ஆனால், அந்த மதிப்பு தேய்ந்த ஒவ்வொரு கட்டத்திலும் அவரைத் தாங்கிப் பிடித்தது இராணுவம்தான். 2017-ஐப் புரிந்துகொள்ள விரும்புபவர் முதலில் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1983 தொடங்கி, மாட்டபெலேலாந்து பகுதிக்கு வட கொரியர்கள் பயிற்றுவித்த ஐந்தாம் படைப்பிரிவை முகாபே அனுப்பினார். அங்கு வாழ்ந்த இன்டெபெலே மக்கள் பெருமளவில் போட்டி விடுதலை இயக்கத் தலைவரான ஜோஷுவா இன்கோமோவின் ஆதரவாளர்கள். கலகக்காரர்களை ஒடுக்குவதாகச் சொல்லித் தொடங்கிய அந்த நடவடிக்கையில் 20,000 பேர் வரை கொல்லப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது. ஷோனா மொழியில் அதற்குக் 'குகுராஹுண்டி' என்று பெயர். அறுவடைக்குப் பின் பதரை அடித்துச் செல்லும் முதல் மழையைக் குறிக்கும் சொல் அது. உழவர்களின் வாயில் இதமாகப் புழங்கிய ஒரு சொல், மனிதர்களைப் பதராக எண்ணிய ஒரு கொலைத் திட்டத்தின் பெயராகிப்போனது. அந்தப் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கிய பெரன்ஸ் ஷிரி பின்னாளில் விமானப்படைத் தளபதியானார். அப்போது நாட்டுப் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் எம்மர்சன் முனங்காக்வா. இந்த இரண்டு பெயர்களும் 2017-இல் மீண்டும் வரும்.

2002 அதிபர் தேர்தலுக்கு முன்பு, விடுதலைப் போரில் பங்கேற்காத ஒருவர் வென்றால் அவரை ஏற்க மாட்டோம் என்ற பொருள்படப் படைத்தளபதி வெளிப்படையாகவே அறிவித்தார். 2008 மார்ச் தேர்தலின் முதல் சுற்றில் எதிர்க்கட்சித் தலைவர் மோர்கன் சுவாங்கிராய் 47.9 விழுக்காடு வாக்குகளும் முகாபே 43.2 விழுக்காடு வாக்குகளும் பெற்றதாக ஐந்து வாரத் தாமதத்துக்குப் பின் அறிவிக்கப்பட்டபோது, இரண்டாம் சுற்றுக்கு முந்தைய வாரங்களில் கிராமப்புறங்களில் அவிழ்த்துவிடப்பட்ட வன்முறையைப் பாதுகாப்புப் படைத் தலைமைதான் ஒருங்கிணைத்தது. தன் ஆதரவாளர்கள் கொல்லப்படுவதைப் பார்த்துச் சுவாங்கிராய் போட்டியிலிருந்து விலகினார். தேர்தலில் தோற்றவரை அரியணையில் அமர்த்தி வைத்தவர்களுக்கு, அவரை இறக்கவும் தெரிந்திருந்தது.

பொருளாதாரச் சீரழிவுதான் அவருடைய வீழ்ச்சிக்குக் காரணமா?

மக்களின் கோபத்துக்கு அதுதான் காரணம். இராணுவத்தின் முடிவுக்கு அது காரணமில்லை. பணவீக்கம் உச்சத்தில் இருந்தது 2008-இல். காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை என்று ரொட்டி விற்ற காலம் அது. 2009 தொடக்கத்தில் 100 டிரில்லியன் டாலர் நோட்டு அச்சிடப்பட்டது. அதாவது ஒன்றுக்குப் பின்னால் 14 பூஜ்யங்கள். அந்த ஆண்டே சொந்த நாணயம் கைவிடப்பட்டு அமெரிக்க டாலர் புழக்கத்துக்கு வந்தது. 2014-இல் ஏற்கத்தக்க அயல்நாட்டு நாணயங்களின் பட்டியலில் இந்திய ரூபாயும் சேர்க்கப்பட்டது என்பது நம்மவர்கள் பலருக்குத் தெரியாத செய்தி.

நாடு அந்த நிலைக்குப் போன ஆண்டுகளில் தளபதிகள் முகாபேயைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். 2017-இல் வங்கி வாசலில் விடியுமுன்பே வரிசை கட்டி நின்றவர்களின் துயரம் அவர்களை அசைத்திருக்கும் என்று நம்ப எனக்கு வழியில்லை.

அப்படியானால் உண்மையான காரணம் என்ன?

93 வயதானவருக்குப் பின் யார் என்ற வாரிசுச் சண்டை.

ஆளும் ஜானு-பிஎஃப் கட்சி அப்போது இரண்டாகப் பிளந்து நின்றது. ஒரு பக்கம் துணை அதிபர் முனங்காக்வா. அவருக்குப் பின்னால் படைத்தளபதிகளும் விடுதலைப் போரின் முன்னாள் போராளிகளும் இருந்தனர். 'முதலை' என்பது அவருடைய பட்டப்பெயர். அதனால் சின்னத்தில் முதலையைக் கொண்ட 'லாகோஸ்ட்' என்ற ஆடை நிறுவனத்தின் பெயரையே அந்த அணிக்கு மக்கள் வைத்துவிட்டார்கள். மறுபக்கம் பெரும்பாலும் நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இருந்த அமைச்சர்களின் 'ஜி-40' அணி. ஜோனத்தன் மோயோ, சேவியர் கசுகுவேரே ஆகியோர் அதன் முக்கியப் புள்ளிகள். அவர்களுக்குத் துணையாக நின்றவர் அதிபரின் மனைவி கிரேஸ் முகாபே.

1996-இல் முகாபேயை மணந்த கிரேஸ், கணவரைவிட 41 வயது இளையவர். 2014-இல் கட்சியின் மகளிரணித் தலைவியானார். அதே ஆண்டில் மேடைக்கு மேடை ஏறி, அன்றைய துணை அதிபர் ஜாய்ஸ் முஜுருவைக் கடுமையாகத் தாக்கிப் பேசினார். டிசம்பரில் முஜுரு பதவி நீக்கப்பட்டார். மூன்று ஆண்டுகள் கழித்து அதே வழியை முனங்காக்வா மீதும் கையாண்டார்கள். 2017 ஆகஸ்டில் ஒரு கட்சிக் கூட்டத்தில் முனங்காக்வா வாந்தியெடுத்து நிலைகுலைந்து, சிகிச்சைக்காகத் தென்னாப்பிரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். கிரேஸின் பால்பண்ணையில் தயாரான ஐஸ்கிரீமில் நஞ்சு இருந்தது என்று முனங்காக்வாவின் ஆதரவாளர்கள் பேச, கிரேஸ் அதைக் கடுமையாக மறுத்தார்.

நவம்பர் 4 அன்று புலவாயோவில் நடந்த கூட்டத்தில் கிரேஸ் பேசும்போது கூட்டத்தில் ஒரு பகுதியினர் கூச்சலிட்டனர். மனைவியை அவமதித்துவிட்டார்கள் என்று கொதித்த முகாபே, முனங்காக்வாவை நீக்கிவிடுவேன் என்று அந்த மேடையிலேயே எச்சரித்து, நவம்பர் 6 அன்று நீக்கியும் விட்டார். முனங்காக்வா மொசாம்பிக் எல்லை வழியாகத் தப்பி, தென்னாப்பிரிக்கா சேர்ந்தார். நவம்பர் 9 அன்று ஹராரே விமான நிலையத்துக்கு முகாபேயின் பெயர் சூட்டப்பட்டு, பெயர்ப்பலகையை அவரே திறந்துவைத்தார். தன் காலடியில் மண் சரிவது அந்த நேரத்தில் அவருக்குத் தெரிந்திருந்ததாகத் தோன்றவில்லை.

நவம்பர் 13 முதல் 15 வரை என்ன நடந்தது?

பாதுகாப்புப் படைகளின் தலைமைத் தளபதி கான்ஸ்டன்டினோ சிவெங்கா அப்போது சீனாவுக்குச் சென்றிருந்தார். திரும்பி வரும்போது விமான நிலையத்திலேயே அவரைக் கைதுசெய்யத் திட்டமிடப்பட்டிருந்தது என்றும், பணியாளர்களைப் போல உடையணிந்து காத்திருந்த படைவீரர்கள் அதைத் தடுத்துவிட்டார்கள் என்றும் பின்னர் செய்திகள் வெளியாயின.

நவம்பர் 13 திங்கட்கிழமை, சுமார் 90 மூத்த அதிகாரிகள் சூழ, சிவெங்கா செய்தியாளர்களைச் சந்தித்தார். விடுதலைப் போர்ப் பின்னணி கொண்டவர்களைக் கட்சியிலிருந்து களையெடுப்பதை நிறுத்த வேண்டும் என்றும், விடுதலைப் புரட்சியைக் காக்கும் நிலை வந்தால் இராணுவம் தலையிடத் தயங்காது என்றும் எச்சரித்தார். அரசு வானொலியும் தொலைக்காட்சியும் அந்த அறிக்கையை ஒலிபரப்பவில்லை. மறுநாள் ஆளும் கட்சி அதைத் தேசத்துரோகச் செயல் என்று கண்டித்தது. அதே மாலையில் கவச வாகனங்கள் ஹராரேயை நோக்கி நகரத் தொடங்கின.

நவம்பர் 15 அதிகாலை நான்கு மணி அளவில் அரசுத் தொலைக்காட்சியின் திரையில் தோன்றியவர் மேஜர் ஜெனரல் சிபுசிசோ மோயோ. போர்க்களச் சீருடையும் தொப்பியும் அணிந்து, கையிலிருந்த அறிக்கையை அவசரமில்லாமல் படித்தார். பொதுமக்களில் பெரும்பாலோர் அதுவரை அவர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. அரசாங்கத்தை இராணுவம் கைப்பற்றவில்லை என்றும், அதிபரும் குடும்பத்தாரும் நலமாக இருக்கிறார்கள் என்றும், அதிபரைச் சுற்றியுள்ள குற்றவாளிகளைத்தான் குறிவைத்திருக்கிறோம் என்றும், பணி முடிந்ததும் இயல்பு நிலை திரும்பும் என்றும் அவர் சொன்னார். அதே நேரத்தில் நாடாளுமன்றத்துக்கும் அரசு அலுவலகங்களுக்கும் செல்லும் சாலைகளில் கவச வாகனங்கள் நின்றன. நிதியமைச்சர் இக்னேஷியஸ் சோம்போ பிடித்துச் செல்லப்பட்டார். ஜோனத்தன் மோயோவும் கசுகுவேரேயும் குடும்பத்தோடு முகாபேயின் 'நீலக்கூரை' மாளிகையில் தஞ்சம் புகுந்தார்கள்.

ஆட்சிக் கவிழ்ப்பு இல்லை என்று இராணுவம் ஏன் அத்தனை உறுதியாகச் சொன்னது?

அந்தச் சொல்லுக்கு விலை இருந்தது. அரசமைப்புக்கு மாறான முறையில் ஆட்சியை மாற்றும் நாட்டை இடைநீக்கம் செய்வது ஆப்பிரிக்க ஒன்றியத்தின் விதி. 2000-ஆம் ஆண்டின் லோமே அறிவிப்பிலேயே அது வகுக்கப்பட்டுவிட்டது. கவிழ்ப்பு என்று ஒப்புக்கொண்டிருந்தால் தென்னாப்பிரிக்காவும் பிற அண்டை நாடுகளும் தலையிட வேண்டியிருந்திருக்கும். அன்று ஒன்றியத்தின் தலைவராக இருந்த கினி நாட்டு அதிபர் ஆல்ஃபா கோண்டே, இது கவிழ்ப்பைப் போலத்தான் தெரிகிறது என்று முதலில் சொன்னார். பிறகு ஒன்றியம் அந்த நிலையிலிருந்து இறங்கி வந்தது.

என் கணிப்பில் அது ஐயத்துக்கிடமில்லாத ஆட்சிக் கவிழ்ப்பே. ஜிம்பாப்வேயின் 2013 அரசமைப்பின் 213-ஆம் பிரிவின்படி படைகளைப் பணியில் இறக்கும் அதிகாரம் அதிபருக்கு மட்டுமே உண்டு. அவரையே வீட்டில் அடைத்துவைத்துவிட்டு அவர் ஆணையின்படி நடந்தோம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால், நவம்பர் 24 அன்று உயர் நீதிமன்ற நீதிபதி ஜார்ஜ் சிவெஷே, இராணுவத்தின் செயல் அரசமைப்புக்கு உட்பட்டதே என்று தீர்ப்பளித்தார். அவர் முன்னாள் இராணுவ அதிகாரி. 2008 தேர்தல் முடிவு ஐந்து வாரம் தாமதமானபோது தேர்தல் ஆணையத்தின் தலைவராக இருந்தவரும் அவரே.

தமிழ் ஏடுகளில் இந்த நிகழ்வை 'இராணுவப் புரட்சி' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. மக்கள் எழுந்து ஓர் அமைப்பையே மாற்றுவதற்கும், தளபதிகள் ஆளை மாற்றுவதற்கும் ஒரே சொல்லைப் புழங்குவது பொருளைக் குழப்பும் என்பதால் இங்கே அதைத் தவிர்த்திருக்கிறேன்.

மக்கள் ஏன் அதைக் கொண்டாடினார்கள்?

நவம்பர் 18 சனிக்கிழமை ஹராரே வீதிகளில் பல்லாயிரக்கணக்கானோர் திரண்டார்கள். முன்னாள் போராளிகளும் எதிர்க்கட்சியினரும், கறுப்பரும் வெள்ளையரும் ஒரே ஊர்வலத்தில் நடந்தார்கள். கவச வாகனங்களின் மேல் ஏறி வீரர்களோடு படம் எடுத்துக்கொண்டவர்களும், ஆண்டுக்கணக்கில் தாங்கள் அஞ்சி நடுங்கிய சீருடையைக் கட்டியணைத்து அழுதவர்களும் அன்று இருந்தார்கள். முகாபேயின் பெயர் தாங்கிய தெருப்பலகை பிடுங்கி வீசப்பட்டது. அதிபர் மாளிகையை நோக்கிச் செல்ல முயன்றவர்களை வீரர்கள் வழிமறித்தபோது, கூட்டம் சாலையிலேயே உட்கார்ந்துகொண்டது.

அவர்களை ஏமாளிகள் என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. 37 வயதுக்குக் கீழ்ப்பட்ட எவரும் வேறொரு ஆட்சியாளரைக் கண்டிராத நாடு அது. முகாபே போக வேண்டும் என்று எந்த அச்சமுமின்றி உரக்கச் சொல்ல வாழ்நாளில் கிடைத்த முதல் நாளில் அவர்கள் அதைச் சொன்னார்கள். அந்த மகிழ்ச்சி மெய்யானது. அந்த ஊர்வலத்துக்கு அனுமதி தந்து பாதுகாப்பும் தந்த தளபதிகள், தங்கள் செயலுக்கு மக்களின் ஒப்புதல் இருப்பதாக உலகுக்குக் காட்ட அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதும் மெய்யே.

மேற்கு நாடுகள்தான் அவரை வீழ்த்தினவா?

வெள்ளையர்களின் நிலத்தை எடுத்ததற்குப் பழிவாங்கல் இது என்ற கருத்து பரவலாக இருக்கிறது. சுதந்திரத்தின்போது ஏறத்தாழ 6,000 வெள்ளை விவசாயிகளிடம் நாட்டின் நிலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு இருந்தது என்பதும், அந்த அநீதி தீர்க்கப்பட்டே ஆக வேண்டியது என்பதும் உண்மை. 2000-க்குப் பின் நடந்த நிலப்பறிப்பு வன்முறையோடு நடந்தது, நல்ல பண்ணைகள் பல ஆளுங்கட்சிப் பெரும்புள்ளிகளின் கைக்குப் போயின என்பதும் உண்மை. ஆனால், 2017-இல் முகாபேயை இறக்கியவர்கள் அந்த நிலப்பறிப்பை முன்னின்று ஆதரித்தவர்களே. முனங்காக்வாவும் சிவெங்காவும் அன்று அமெரிக்காவின் தடைப் பட்டியலில் இருந்தார்கள்.

நவம்பர் 19 உரையில் அவர் ஏன் பதவி விலகவில்லை?

அன்று பகலில் கட்சியின் மத்தியக் குழு அவரைத் தலைமையிலிருந்து நீக்கி, கிரேஸைக் கட்சியை விட்டே வெளியேற்றி, மறுநாள் நண்பகலுக்குள் பதவி விலகாவிட்டால் நாடாளுமன்றத்தில் பதவி நீக்கத் தீர்மானம் வரும் என்று கெடு விதித்திருந்தது. இரவில் அவர் தொலைக்காட்சியில் தோன்றியபோது, விலகலை அறிவிக்கப்போகிறார் என்றே நாடு முழுவதும் காத்திருந்தது.

நீண்ட மேசைக்குப் பின்னால் அவர் அமர்ந்திருந்தார். சுற்றிலும் சீருடையில் தளபதிகள் வீற்றிருந்தார்கள். நடுநிலையாளராக இருந்து பேச்சுவார்த்தை நடத்திய இயேசு சபைக் குரு ஃபிடேலிஸ் முகோனோரியும் அருகில் இருந்தார். தாள்களை முகாபே மெதுவாகப் புரட்டிப் படித்தார். அவை குலைந்தபோது, அவரைச் சிறைவைத்திருந்த சிவெங்காவே சரிசெய்து கொடுத்தார். படைகளின் நடவடிக்கை தன் அதிகாரத்துக்கு அறைகூவல் ஆகாது என்றும், டிசம்பரில் நடக்கும் கட்சி மாநாட்டுக்குத் தாமே தலைமை தாங்கப்போவதாகவும் சொல்லிவிட்டு, 'அசாந்தே சானா' என்று சுவாஹிலியில் நன்றி கூறி முடித்தார். விலகல் என்ற சொல் கடைசி வரை வரவில்லை.

இதைக் கிழவரின் தடுமாற்றம் என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கவிழ்ப்பு நடக்கவில்லை என்று தளபதிகள் சொன்னார்கள். அப்படியானால் நான் இன்னும் அதிபர்தான் என்று அவர்கள் முன்னாலேயே உட்கார்ந்து அவர் பேசிக் காட்டினார். அவர்களுடைய சொல்லையே பிடித்து அவர்களை மடக்கப் பார்த்த, அவருடைய கடைசி அரசியல் காய்நகர்த்தல் அது.

இறுதியில் எப்படி விலகினார்?

கெடு முடிந்தும் அவர் அசையாததால், நவம்பர் 21 அன்று நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஹராரே மாநாட்டு மண்டபத்தில் கூடின. அரசமைப்பு தனக்கு அளித்த அதிகாரத்தை மனைவி கைப்பற்ற இடமளித்தார் என்பது தீர்மானத்தின் முக்கியக் குற்றச்சாட்டு. விவாதம் நடந்துகொண்டிருந்தபோதே அவைத்தலைவர் ஜேக்கப் முடெண்டாவிடம் ஒரு கடிதம் வந்து சேர்ந்தது. தன் விருப்பத்தின்பேரிலேயே விலகுவதாக முகாபே எழுதியிருந்ததை அவர் படித்து முடிக்குமுன் மண்டபம் ஆரவாரத்தில் மூழ்கியது. நவம்பர் 24 அன்று முனங்காக்வா அதிபராகப் பொறுப்பேற்றார்.

அதன்பின் ஜனநாயகம் வந்ததா?

சிவெங்கா துணை அதிபரானார். தொலைக்காட்சியில் அறிக்கை படித்த சிபுசிசோ மோயோ வெளியுறவு அமைச்சரானார். பெரன்ஸ் ஷிரி விவசாய அமைச்சரானார். அதிகாரம் யாரிடம் சென்றது என்பதற்கு இந்தப் பட்டியலே போதும்.

2018 ஜூலை 30 தேர்தலில் முனங்காக்வா 50 விழுக்காட்டைச் சற்றே தாண்டி வென்றதாக அறிவிக்கப்பட்டது. முடிவு தாமதமாவதைக் கண்டித்து ஆகஸ்ட் 1 அன்று ஹராரேயில் நடந்த போராட்டத்தின்மீது இராணுவம் சுட்டதில் ஆறு பேர் இறந்தார்கள். ஒன்பது மாதங்களுக்கு முன்பு மக்கள் வீரர்களைக் கட்டியணைத்த அதே நகரத்தில்தான் இது நடந்தது. 2019 ஜனவரியில் எரிபொருள் விலை உயர்வை எதிர்த்த போராட்டமும் துப்பாக்கிச் சூட்டில் ஒடுக்கப்பட்டு, இணையம் முடக்கப்பட்டது. 2023 தேர்தலிலும் முனங்காக்வாவே வென்றார். அந்தத் தேர்தல் ஜனநாயக நெறிகளுக்கு உட்பட்டு நடக்கவில்லை என்று ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளுடைய கூட்டமைப்பின் பார்வையாளர் குழுவே குறை சொன்னது. 2028-இல் முடிய வேண்டிய அவருடைய பதவிக்காலத்தை 2030 வரை நீட்டிக்க வேண்டும் என்று 2024-இல் ஆளுங்கட்சி மாநாடு தீர்மானம் நிறைவேற்றியது.

பிற ஆப்பிரிக்க நாடுகளிலும் இதேபோல நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. சூடானை 30 ஆண்டுகள் ஆண்ட உமர் அல்-பஷீரை 2019 ஏப்ரலில் அவருடைய தளபதிகளே நீக்கினார்கள். அங்கு மக்கள் போராட்டம் முதலில் வந்தது, இராணுவம் பின்னால் வந்தது; ஹராரேயில் வரிசை தலைகீழ். 2023 ஆகஸ்டில் காபோனில் அதிபர் அலி போங்கோவைக் கவிழ்த்தவர் அவருடைய சொந்தக் காவற்படையின் தலைவர்.

முகாபேயின் கடைசிக் காலம் எப்படி இருந்தது?

அவர்மீது வழக்கு எதுவும் தொடரப்படவில்லை. நீலக்கூரை மாளிகையிலேயே வாழ அனுமதிக்கப்பட்டார். அவருடைய பிறந்தநாள் பொது விடுமுறையாகவும் அறிவிக்கப்பட்டது. 2018 மார்ச்சில் அளித்த நேர்காணலில், தன்னை நீக்கியது ஆட்சிக் கவிழ்ப்பே என்று முகாபே கூறினார். தன் வாழ்நாளெல்லாம் இராணுவத்தின் தோளில் நின்றவர் சொன்னார் என்பதற்காக அது பொய்யாகிவிடாது.

2019 செப்டம்பர் 6 அன்று சிங்கப்பூர் மருத்துவமனை ஒன்றில், 95-ஆம் வயதில் அவர் இறந்தார். தன் நாட்டு மருத்துவமனைகளை அவர் விட்டுச்சென்ற நிலையை நினைத்தால், அவர் உயிர் பிரிந்த இடம் மனத்தை உறுத்துகிறது. ஹராரேயில் விடுதலை வீரர்களுக்காக அவரே எழுப்பிய தேசிய நினைவிடத்தில் அடக்கம் செய்ய அரசு விரும்பியது. தன்னை வீழ்த்தியவர்கள் தன் உடலுக்கு முன்நின்று பெருமை தேடக் கூடாது என்பது அவருடைய விருப்பம் என்று குடும்பத்தார் பிடிவாதமாக நின்றார்கள். மூன்று வார இழுபறிக்குப் பின், செப்டம்பர் 28 அன்று, குடாமாவில் சொந்த வீட்டின் முற்றத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். அந்தச் சடங்குக்கு முனங்காக்வா வரவில்லை.